பாண்டிக்கு வருகிறவர்கள் பாகூருக்கு ஏன் போவதில்லை?

சனிக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வந்து இறங்கும் கூட்டத்துக்கு ஒரு கால அட்டவணை இருக்கிறது. மதியம் ரோமன் ரோலண்ட் வீதியில் மஞ்சள் சுவருக்கு முன்னால் படம், மாலையில் கடற்கரைச் சாலையில் நடை, இரவு மதுக்கூடம். மறுநாள் காலை ஆரோவில், பிறகு சண்டே மார்க்கெட், பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பல். சுற்றுலா என்ற பெயரில் புதுச்சேரி விற்பது இந்தச் சில வீதிகளைத்தான்.

அந்தச் சுவர்களும் வந்தவர்கள் நினைக்கும் அளவுக்குப் பழையவை அல்ல. பிரான்சுவா மர்த்தேன் 1674இல் காலூன்றி வளர்த்த ஊரை 1761இல் கைப்பற்றிய ஆங்கிலேயர்கள் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் பார்ப்பது அதற்குப் பிறகு எழும்பிய நகரம். பழமையைத் தேடி வருகிறவர் அதை விட்டுவிட்டுப் போகிறார் என்பதுதான் வேடிக்கை. அது நகரத்துக்கு வெளியே, டவுன் பஸ் போகும் தூரத்தில் கிடக்கிறது.

பாகூரை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அங்கே ஒரு கல்விச்சாலை இருந்தது. அதன் செலவுக்கு மூன்று ஊர்கள் மானியமாக விடப்பட்டதை வடமொழியிலும் தமிழிலும் எழுதிய செப்பேடு சொல்கிறது. செப்பேடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்விட்டது. பாகூரிலிருந்து விழுப்புரம் சாலைக்கு வந்தால் திருபுவனை. அங்குள்ள பெருமாள் கோயிலில் முதலாம் ராஜாதிராஜன் காலத்து 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த கல்லூரியைப் பற்றிப் பேசுகிறது. விழுப்புரம் தாண்டிப் போனால் எண்ணாயிரம். ராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். மூன்று ஊர்களும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பும் தொலைவில்தான் இருக்கின்றன. கல்வி நகரம் என்று விளம்பரப்படுத்திக்கொள்ளும் புதுச்சேரி, பொறியியல் கல்லூரிகளை எண்ணிச் சொல்கிறது. இந்த மூன்றையும் சேர்த்து ஒரு பயணமாகக் காட்ட அதற்குத் தோன்றவில்லை.

பிரெஞ்சுக் கதையே வேண்டும் என்பவர்களும் கிராமத்துக்குத்தான் போக வேண்டும். 1752இல் ஆங்கிலத் தளபதி லாரன்ஸிடம் பிரெஞ்சுப் படை தோற்றது பாகூருக்குப் பக்கத்தில். வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரை பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்து இழுத்த வழக்கம், இன்று துணைநிலை ஆளுநர் கையில் தொடர்கிறது. பிரெஞ்சு ஆட்சி இந்த மண்ணோடு எப்படிப் பேசிப் பழகியது என்பதை, தேர் ஓடும் நாளில் அந்தத் தெருவில் நின்றால் தெரிந்துகொள்ளலாம். மஞ்சள் சுவர் அதைச் சொல்லாது.

சரி, பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ஊரில் என்ன செய்கிறார்கள்? நீஸ் கடற்கரையில் தங்கியிருப்பவர் எஸ் என்ற குன்றுக் கிராமத்துக்கோ சேன் போல் த வான்ஸுக்கோ போக நினைத்தால் சாதாரணப் பேருந்தில் ஏறிப் போய்விடலாம். கிரேக்கர்கள் நிறுவிய பழைய துறைமுகமான ஆன்திபுக்குக் கரையோர ரயில் இருக்கிறது. அவர்களுக்கு ஆன்திப் என்றால் நமக்கு அரிக்கமேடு: ரோமானிய மதுச் சாடிகளும் இத்தாலியச் செம்பாண்டங்களும் மண்ணுக்கடியில் கிடைத்த இடம். 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய பிறகு உலகத் தொல்லியல் பாடநூல்களில் எல்லாம் இடம்பெற்ற பெயர். இவ்வளவு கேள்விப்பட்டு ஆற்றங்கரை மாந்தோப்புக்குள் நுழைகிறவர் பார்ப்பது, பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரிமார் கட்டிய செங்கல் கட்டடத்தின் இடிந்த சுவர்களை. தோண்டிய குழிகள் மூடப்பட்டுவிட்டன. கிடைத்த பொருள்களில் ஒரு பகுதி நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு மேட்டுக்குப் போனால்தான் அந்த இடம் வாய் திறக்கும். இதை யாராவது சொல்லிக் கொடுத்தால்தானே?

இதற்கெல்லாம் பணம் இல்லை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒட்டுப்போட்ட துணிபோல அமைந்த எல்லைதான் முதல் தடை. கடலூர் சாலையில் ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கிருமாம்பாக்கம் புதுச்சேரி. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்கள் கிடக்கும் திருவக்கரை விழுப்புரம் மாவட்டம். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய செஞ்சிக் கோட்டையும் அப்படித்தான். பயணிக்கு எல்லையைப் பற்றிக் கவலையில்லை. இரண்டு அரசுகளின் சுற்றுலாத் துறைகளுக்கோ அது நிலத்தில் கிழித்த கோடாகவே தெரிகிறது. பௌர்ணமி இரவில் வக்கிரகாளியைப் பார்க்கத் திருவக்கரைக்கு ஊரே திரள்கிறது. பக்தர்கள் தாண்டும் எல்லைக்கோட்டை அதிகாரிகளும் ஒருமுறை தாண்டிப் பார்க்கலாம்.

கூட்டத்தைக் கொண்டுபோய் கிராமத்தில் கொட்டுவது நல்லதா என்ற கேள்வி நியாயமானது. பகலில் வந்து பகலிலேயே போகிறவரிடம் வெனிஸ் நகரம் 2024இல் 5 யூரோ வாங்கத் தொடங்கியது. தாங்க முடியாமல்தான் வாங்கியது. பாகூர்க் கோயில் காட்சிப்பொருள் அல்ல, அங்கே சாமி இருக்கிறார், பூசை நடக்கிறது. தென்பெண்ணைத் தண்ணீரை பங்காரு வாய்க்கால் கொண்டுவந்து சேர்க்கும் ஏரியை நம்பிப் பயிர் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே ரிசார்ட்டும் படகுக் குழாமும் வந்தால் வரலாறும் போகும், வயலும் போகும். ஆகவே நான் கேட்பது கட்டடம் அல்ல. ஞாயிறுதோறும் அருங்காட்சியக வாசலிலிருந்து புறப்படும் ஒரு சிறு பேருந்து, கல்வெட்டு என்ன சொல்கிறது என்பதை நல்ல தமிழில் எழுதிய பலகை, அந்தந்த ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்கள் கையிலேயே கட்டணம் சேரும்படியான வழிகாட்டி வேலை. பாரிஸில் இருக்கும் செப்பேட்டின் நல்ல நகல் ஒன்றை பாகூரில் வைக்கவும் புதுச்சேரி அரசு கேட்டு வாங்க வேண்டும். பிரெஞ்சுத் துணைத் தூதரகம் கடற்கரைச் சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அலைய வேண்டியதில்லை.

அரசு செய்யும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்த முறை பாண்டிக்கு வரும்போது ஒரு காலையை ஒதுக்கி பாகூர் மூலநாதர் கோயிலுக்குப் போய், கையளவே இருக்கும் அந்த நடனச் சிற்பங்களைக் குனிந்து பாருங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள். எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள்.