சன்மானமும் சிறுகதையும்: பிள்ளைப்பாக்கத்தை முன்வைத்து

பரிசில் பெற்று மீளும் கலைஞன், பெறாத ஒருவனை வழியில் கண்டு, இன்ன வள்ளலிடம் இன்ன வழியே செல், இன்னது கிடைக்கும் என்று கூறுவது ஆற்றுப்படை. வழியின் நிலமும் ஆங்காங்கே கிடைக்கும் உணவும் வள்ளல் தரும் கொடையின் தன்மையும் அதில் ஒளிவின்றிச் சொல்லப்படும். கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும் பெரும்பாணாற்றுப்படை, இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துக்கே உரிய நூல். அதே மாவட்டத்தின் பிள்ளைப்பாக்கத்தில் இன்று ஒருவர் சிறுகதை எழுதி முடித்தால், அதனை எவ்விதழுக்கு அனுப்பலாம், எவ்வளவு தருவார்கள், எப்போது தருவார்கள் என்று ஆற்றுப்படுத்துவார் இல்லை. ஆங்கிலத்தில் ‘ரைட்டர்ஸ் மார்க்கெட்’ என்னும் வழிகாட்டி நூல் 1921 முதல் இப்பணியைச் செய்தது. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் ஒரு சொல்லுக்கு 8 சென்ட் என்னும் வீதத்தை 2019இல் வரையறுத்து, அதற்குக் குறைவாகத் தரும் இதழைத் தொழில்முறை இதழாக ஏற்பதில்லை என அறிவித்தது. தமிழிலோ சன்மானம் பெற்றவர் தொகையைச் சொல்லக் கூசுகிறார். தந்த இதழும் அச்சிட்டுச் சொல்வதில்லை.

‘சன்மானம்’ என்னும் சொல்லே இக்கூச்சத்துக்கு இடந்தருகிறது. அது மதிப்புச் செய்தலைக் குறிக்கும், ஊதியத்தைக் குறிக்காது. மதிப்பைக் கேட்டுப் பெறுவது நாகரிகமன்று. ஊதியம் எனப் பெயரிட்டிருந்தால் கேட்டிருக்கலாம்.

தமிழ்ச் சிறுகதை வரலாறு பெரிதும் இதழ்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. மணிக்கொடி, சரஸ்வதி, எழுத்து, தீபம், கணையாழி என்று பெயர்களைக் கோத்துக் காலப்பகுப்புச் செய்வது ஆய்வேடுகளில் நிலைத்த வழக்கம். அவ்விதழ்கள் எக்கொள்கையை முன்னெடுத்தன, எவரை வளர்த்தன என்பன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஒரு கதைக்கு எவ்வளவு தந்தன என்னும் வினா மட்டும் நினைவுக்குறிப்புகளுக்கு விடப்பட்டுவிட்டது. 1933இல் தொடங்கிய மணிக்கொடி, பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதை இதழாகத் திகழ்ந்த நாளிலும் பணமுடையிலேயே நடந்தது. புதுமைப்பித்தன் நாளிதழ்ப் பணியாலும் பின்னர்த் திரைப்படப் பணியாலும் வாழ முயன்று 1948இல் மறைந்தார். அவர் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களில் பணக்கவலை எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டுள்ளது என்பதைப் படித்தோர் அறிவர். ஆயினும் இவ்வறுமையைக் கலைஞனுக்குரிய அணியாகக் காட்டும் போக்கே நம் ஆய்வுகளில் மிகுதி.

அடுத்த தலைமுறையின் வாழ்க்கைக் குறிப்புகளை வேறொரு கோணத்தில் அடுக்கிப் பார்த்தல் வேண்டும். லா.ச. ராமாமிர்தம் வங்கியில் பணியாற்றினார், வண்ணதாசனும் அவ்வாறே. தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்து வானொலிக்குச் சென்றவர். சுந்தர ராமசாமிக்கு ஜவுளிக்கடை இருந்தது. நாஞ்சில் நாடன் விற்பனைத் துறையிலும் ஜெயமோகன் தொலைபேசித் துறையிலும் இருந்தனர். இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். தமிழ்ச் சிறுகதையின் மெய்யான புரவலர் இதழாசிரியர் அல்லர். நிலையான மாதச் சம்பளமும் மாலைப்பொழுதும் தந்த வங்கியும் பள்ளியும் அரசுத் துறையுமே என்பது இதனால் தெளிவாகும். இப்புரவலரைத் துறந்தவர் நிலையும் நோக்கத்தக்கது. அசோகமித்திரன் 1966இல் ஜெமினி ஸ்டூடியோவை விட்டு விலகி முழுநேர எழுத்தை மேற்கொண்டார். அதன்பின் அவர் பட்ட பொருள்நெருக்கடி அவருடைய எழுத்திலேயே பதிவாகியுள்ளது.

பிள்ளைப்பாக்கத்துக்கு இப்புரவலர் இல்லை. சிப்காட் தொழிற்பூங்கா அமைந்த இவ்வூரையும் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் ஆகியவற்றையும் சூழ்ந்து மகிழுந்தும் கண்ணாடியும் கைப்பேசியும் செய்யும் ஆலைகள் நிற்கின்றன. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் ரூ.706.50 கோடிச் செலவில் திறக்கப்பட்ட விடுதி 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்குரியது. ஒரு பேரூராட்சியின் மக்கள் அங்குப் படுத்துறங்குகின்றனர். இவர்களுள் பலர் மேல்நிலைக் கல்வியும் பட்டயமும் பட்டமும் முடித்தவர். சிறுகதையைப் பாடமாகப் படித்துத் தேர்வெழுதியவர். எழுதத் தெரியாமையால் இவர்கள் எழுதவில்லை எனல் பொருந்தாது. முறைமாறும் பணிநேரம், ஒப்பந்தப் பணி, பகிர்ந்துகொள்ளும் அறை, பேருந்துப் பயணம் என்று நாள் கழியும்போது, ஒரு கதைக்கு வேண்டிய பத்துப் பதினைந்து மணிநேரத்தை மிகைநேரப் பணிக்கு விற்றால் கிடைக்கும் தொகை தெரிந்ததாக இருக்கிறது. கதைக்குக் கிடைக்கும் தொகையோ தெரியாததாக இருக்கிறது. கணக்குத் தெரிந்த எவரும் முன்னதையே தேர்வார்.

இதன் விளைவைக் கதைப்பொருளிலேயே காணலாம். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நின்றுபோன கைப்பேசி ஆலையும், 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்ற தோழியருக்காகப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்ததும் செய்தித்தாளிலும் தொழிற்சங்க அறிக்கையிலும் பெற்ற இடத்தைச் சிறுகதையில் பெறவில்லை. உப்பளத்துக்கு ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ வாய்த்தது. தோல் பதனிடும் தொழிலுக்கு டி. செல்வராஜின் ‘தோல்’ வாய்த்தது. இரண்டும் வெளியிலிருந்து சென்று கண்டறிந்து எழுதிய நாவல்கள். அவற்றின் மதிப்பு குறைவன்று. எனினும் இயந்திரத்தின் முன் நிற்பவரே எழுதுவது வேறு.

அது நிகழாததுமன்று. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த விந்தன், ஆனந்த விகடன், கல்கி அச்சகங்களில் எழுத்துக் கோத்தவர். கல்கி இதழ் அவர் கதைகளை ஏற்றது. பின்னர் அவரையே ஆசிரியர் குழுவில் அமர்த்தியது. ‘முல்லைக் கொடியாள்’ தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் பரிசைப் பெற்றது. கொள்வதற்கு ஓர் இதழ் கைக்கெட்டும் தொலைவில் இருந்தமை இங்கு முதன்மையானது. மலேசியாவில் தமிழ் நேசன் 1950களின் தொடக்கத்தில் கதை வகுப்பு நடத்தியது. 1970களில் சிறந்த கதைக்குப் பவுன் பரிசு அளித்தது. ரப்பர்த் தோட்ட வாழ்வு அந்நாட்டுத் தமிழ்ச் சிறுகதையில் தடம் பதித்ததற்கு இத்தகைய முயற்சிகளும் காரணம். இலங்கையில் மலையக எழுத்தாளர்க்கு வீரகேசரி நடத்திய போட்டிகளும் இவ்வகையின. சீனத்தின் ஷென்ஜென் நகரில் 1988இல் தோன்றிய ‘தாபெங் வான்’ இதழைப் புலம்பெயர்ந்த ஆலைத் தொழிலாளரே வாங்கினர், அவர்களே எழுதினர். இரும்புச் சாமான் ஆலையில் உழைத்த செங் சியாவோசியோங் என்னும் பெண் 2007இல் ‘மக்கள் இலக்கியம்’ இதழின் பரிசைப் பெற்றார். ஃபாக்ஸ்கான் ஆலையில் பணியாற்றி 2014இல் 24ஆம் அகவையில் தம்மை மாய்த்துக்கொண்ட கவிஞர் சூ லிஜி, நிறுவனத்தின் உள்ளிதழிலும் எழுதியவர். அந்நிறுவனத்தின் ஆலை இன்று ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் உள்ளது. ஒப்பிலக்கிய ஆய்வாளர்க்கு இதனினும் அணித்தான களம் கிடைப்பது அரிது.

போட்டிகள் இக்குறையைத் தீர்க்கும் எனச் சிலர் கருதலாம். ‘இலக்கியச் சிந்தனை’ 1970 முதல் இதழ்களில் வெளிவந்த கதைகளுள் மாதந்தோறும் ஒன்றைத் தேர்ந்து பரிசளித்த முறை போற்றத்தக்கது. அது அச்சான கதையை மதிப்பிட்டது. அண்மைக்காலத்தில் பெருகியுள்ள போட்டிகளோ அச்சாகாத கதையைக் கேட்கின்றன. நூற்றுக்கணக்கானோர் எழுத, மூவர் பரிசு பெறுகின்றனர். உழைப்புக்கு ஊதியம் என்பது இங்குக் குலுக்கல் சீட்டாக மாறிவிடுகிறது. வந்த கதைகள் அனைத்தின் உரிமையும் அமைப்பாளருக்கே என்னும் விதியைச் சில போட்டிகள் சேர்த்துக்கொள்கின்றன. பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 19ஆம் பிரிவு, உரிமையாளர் கையொப்பமிட்ட எழுத்துவழி ஆவணமின்றி உரிமை மாற்றம் செல்லாது என்கிறது. அவ்வாவணத்தில் தொகை முதலியன குறிக்கப்படவேண்டும் என்றும், கால அளவு குறிக்கப்படாவிடின் ஐந்தாண்டாகவே கொள்ளப்படும் என்றும் கூறுகிறது. இதனை அறிந்த இளம் எழுத்தாளர் எத்தனை பேர்? அறிந்த தமிழ்ப் பேராசிரியர் எத்தனை பேர் என்றும் கேட்கலாம்.

அச்சிதழ்ச் சந்தையும் சுருங்கிவருகிறது. 1941இல் தோன்றிய கல்கி 2020இல் அச்சு வடிவை நிறுத்தியது. 2016இல் வந்த விகடன் தடம் 2019இல் நின்றது. எஞ்சிய வார இதழ்களில் கதைக்குரிய பக்கங்கள் குறைந்து, ஒரு பக்கக் கதை நிலைபெற்றுவிட்டது. தொகை கதைக்கு இவ்வளவு என்றிருக்கும்போது நீண்ட கதை எழுதுவோர் தண்டிக்கப்படுகிறார் என்பதையும் உருவ ஆய்வாளர் கருதவேண்டும். கிண்டில் படிக்கப்பட்ட பக்கத்துக்குப் பணம் தருகிறது. பிரதிலிபி போன்ற செயலிகள் தொடர்கதைக்கு வாசகரிடம் பணம் பெற்றுத் தருகின்றன. இரண்டிலும் நீளமே காசு. எட்டுப் பக்கத்தில் முடியவேண்டியது எண்பது அத்தியாயமாகிறது.

தமிழ்த்துறைகள் இதில் பார்வையாளர் மட்டும் அல்லர், கொள்வோருமாவர். பகுதி ஒன்று தமிழ்ப் பாடத்துக்கெனத் தொகுக்கப்படும் சிறுகதைத் தொகுதிகள் ஆண்டுதோறும் பெருந்தொகையான மாணவரைச் சென்றடைகின்றன. எந்த வார இதழுக்கும் இத்தகைய உறுதியான வாசகர் இல்லை. ஆயினும் தம் கதை பாடமானதைப் பின்னர்ப் பிறர் சொல்லக் கேட்டறிந்த எழுத்தாளர் உளர். கல்விப் பயன்பாடு என்பது இங்கு முழுமையான காப்பாகாது. சட்டத்தின் 52ஆம் பிரிவு கல்வித் தொகுப்புகளுக்கு விலக்களிக்கும்போது, பெரும்பாலும் பதிப்புரிமை இல்லாதவற்றைக் கொண்ட தொகுப்பில் சேர்க்கும் சிறு பகுதிகளையே குறிப்பிடுகிறது. வாழும் எழுத்தாளரின் முழுக் கதைகளைக் கொண்ட தொகுதிக்கு அது பொருந்துமாறு இல்லை.

ஆய்விதழ்களில் கட்டுரையாளரே பணம் செலுத்தி வெளியிடும் வழக்கம் பரவிய சூழலில், எழுதியவருக்குப் பணம் தருவது பற்றிப் பேசுவது வியப்பாகத் தோன்றலாம். எனினும் செய்யத்தக்கவை எளியன. பாடத்திட்டக் குழு ஒவ்வொரு கதைக்கும் எழுத்துவழி இசைவு பெற்று, கதைக்கு இவ்வளவு என்னும் வீதத்தைத் துறையின் அறிவிப்பில் அச்சிடலாம். தொகுதியில் ஓரிரு இடங்களை முன்னர் நூல் வெளியிடாத எழுத்தாளருக்கென ஒதுக்கி, அக்கதைகளை விலைகொடுத்தே பெறலாம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தைச் சூழ்ந்த கல்லூரிகள் இதனை ஆலைத் தொழிலாளரிடமிருந்து தொடங்கலாம். இதழ் அலுவலகக் கணக்கேடுகள், எழுத்தாளர் வீடுகளில் எஞ்சியுள்ள பணவிடைத் துண்டுகள், சன்மானம் பற்றிய கடிதங்கள் ஆகியவற்றைத் திரட்டி ஆராய முனைவர்பட்ட மாணவரை நெறிப்படுத்தலாம். முதிய எழுத்தாளர்கள் மறைய மறைய இச்சான்றுகள் பழைய தாளாக எடைக்குச் செல்கின்றன.

பணத்துக்கு இடமில்லை என்பது மறுமொழியாகக் கூறப்படும். சிறுகதைத் தாளுக்கு வினா அமைப்பவருக்கு மதிப்பூதியம் உண்டு. விடைத்தாள் திருத்துவோருக்குத் தாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று வீதம் உண்டு. தேர்வறைக் கண்காணிப்பாளருக்குப் படி உண்டு; தொகுதியை அச்சிடும் பதிப்பகத்துக்கு விலை உண்டு. இப்பட்டியலில் கதையை எழுதியவருக்கு ஒரு வரி சேர்ப்பதற்குத் தேவைப்படுவது பாடத்திட்டக் குழுவின் ஒரு தீர்மானம்.