உவர் நிலமும் கழிமுகச் சேறும்

தேங்காய்த்திட்டு என்றதும் பலருக்கு மீன்பிடித் துறைமுகமும் அலையாத்தி மரங்களும் நினைவுக்கு வரும். அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பரந்து கிடக்கும் இந்தக் கறுத்த சேற்றினால் உழவனுக்கு என்ன பயன் என்று கேட்பாரும் உண்டு. ஆற்றின் மேல்புறம் நெல்லோ தென்னையோ வைத்திருப்பவர்கள் அப்படிக் கேட்பதற்கில்லை.

கடலோர வயலில் உப்புப் பூத்துவிட்டால் உடனே ஜிப்சம் வாங்கி இறைப்பவர்கள் இருக்கிறார்கள். பல இடங்களில் இது வீண் செலவு. உவர் வேறு, களர் வேறு. மண்ணின் மின்கடத்துத் திறன் 4-க்கு மேலும், கார அமில நிலை 8.5-க்குக் கீழும் இருந்தால் அது உவர் நிலம். அங்கு கரையும் உப்புதான் மிகுந்துள்ளது. சுண்ணாம்புச் சத்துக்குப் பொதுவாகக் குறைவில்லை. களர் நிலத்திலோ சோடியம் களித் துகள்களோடு ஒட்டிக்கொண்டு மண்ணைக் குழைத்துவிடும். மழை பெய்தால் நீர் இறங்காது, காய்ந்தால் கல்லாய் இறுகும். ஜிப்சம் இதற்குத்தான் மருந்து.

உவர் நிலத்துக்கு வேண்டியவை நல்ல தண்ணீரும் வடிகாலும். ஐப்பசி, கார்த்திகை மழையை வரப்புயர்த்தித் தேக்கி, உப்புக் கரைந்ததும் வடித்துவிட வேண்டும். வடிக்காமல் வயலிலேயே வற்றவிட்டால் உப்பு மீண்டும் மேலே வந்துவிடும். 26-12-2004 ஆழிப்பேரலையில் கடல்நீர் புகுந்த நாகை வட்டார வயல்கள் தேறியதில் 2005ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழைக்குப் பெரும் பங்கு உண்டு.

வடித்த நீர் எங்கே போகும்? இந்தக் கழிமுகத்துக்குத்தான். வெள்ளத்தின் வேகத்தைத் தணித்து, வண்டலைப் பிடித்து, அலை கரையை அரிக்காமல் காப்பது அந்தச் சேறும் அதில் வேரூன்றிய மரங்களும். கட்டட இடிபாடுகளைக் கொட்டி இதைத் தூர்த்தால் வாய்க்கால் எதிர்த்து நிற்கும், வயலில் உப்பு தங்கிவிடும். இதை மீனவர் பிரச்சினை என்று விவசாயிகள் ஒதுக்கிவிடுவது சரியல்ல. வடிகால் வரி கட்டாமல் கிடைத்திருக்கும் வடிகால் இது!

குளத்து வண்டல் போல இச்சேற்றையும் அள்ளித் தென்னைக்கு இடலாமே என்று எண்ணவும் வேண்டாம். காற்றுப் புகாத இத்தகைய சேற்றில் கந்தகக் கூட்டுப்பொருள்கள் உறங்குகின்றன. தோண்டி உலரவிட்டால் அவை கந்தக அமிலமாக மாறக்கூடும். கேரளத்துக் குட்டநாட்டின் கரி நிலங்களில் உழவர்கள் படும் பாடு இதனால்தான்.

ஜிப்சத்துக்குப் பணம் எடுக்குமுன் மண்ணைச் சோதியுங்கள். நெல் வயலில் 15 செ.மீ. ஆழம் வரையிலும், தென்னந்தோப்பில் 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் தனித்தனியாகவும் மாதிரி எடுத்து, பாசனக் கிணற்று நீர் ஒரு புட்டியும் சேர்த்து, குரும்பாப்பேட் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். உப்பு வடிந்தபின் மண் களராக மாறுவதும் உண்டு. ஆகவே சோடியம் எவ்வளவு என்பதையும் கேட்டுப் பெறுங்கள். களர் என்று முடிவு வந்தால், எத்தனை மூட்டை ஜிப்சம் என்பதையும் அந்தச் சோதனையே சொல்லும்.