கண்ணாடிக்குள்ளும் இடம் வேண்டும்

கடை முகப்பில் சக்கர நாற்காலிப் பொம்மையை வைத்தால் இரக்கம்தான் வரும், வியாபாரம் வராது என்கிறார்கள். தவறு. 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 7.6 லட்சம் பேர். அவர்களும் ஓணக்கோடி எடுக்கிறார்கள். 2013 டிசம்பரில் சூரிச்சின் முக்கியக் கடைவீதியில், மாற்றுத்திறனாளிகளின் உடல் அளவிலேயே செய்த பொம்மைகள் புத்தாடையோடு நின்றன. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இரக்கம் வளர்வது பார்ப்பதால் அல்ல, கண்ணிலிருந்து ஒதுக்கிவைப்பதால். எப்படிக் காட்டுவது என்ற தயக்கமா? மாற்றுத்திறனாளிகளையே கேளுங்கள். திரைப்படங்களில் மாற்றுத்திறனாளிகளைச் சித்திரிப்பது பற்றி 2024இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியதும் அதுவே. திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள 'நிஷ்' நிறுவனத்தில் செவித்திறன் குறைந்த மாணவர்கள் நுண்கலைப் பட்டம் படிக்கிறார்கள். முகப்பு அலங்காரத்தை அவர்களிடம் ஒப்படைக்கலாம். கிழக்கேகோட்டை, எம்.ஜி. ரோடு ஜவுளிக்கடைக்காரர்களே, பொம்மையை வையுங்கள். வாசலில் சாய்தளமும் கட்டுங்கள்.