இழுப்பது வேறு, தாங்குவது வேறு!

அமெரிக்காவில் டெக்ஸாஸ், ஒக்லஹோமா போன்ற ராஜ்யங்களில் சொந்தமாகக் குதிரை வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை விரட்டி ஓட்டும் பந்தயம் ஒன்று உண்டு. அதில் பெரும்பாலும் பெண்கள்தான் கலந்து கொள்கிறார்கள். பந்தயம் வேறு ஊரில் என்றால் குதிரையும் பிரயாணம் செய்ய வேண்டுமே! அதற்கென்றே கூண்டு வண்டி இருக்கிறது. 'டிரெய்லர்' என்பார்கள். அதை வீட்டிலுள்ள பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்கிறார்கள்.

எந்த பிக்கப் எந்த டிரெய்லரை இழுக்கலாம்? இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் ஒரு கணக்கு இருக்கும்: "4,500 கிலோ இழுக்கும்!" அது பொய்யல்ல. முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி இந்தக் கணக்கைச் சொல்லி வந்தது. 2008-ல் எஞ்சினீயர்கள் சங்கம் ஒன்று பொதுச் சோதனை முறையை வகுத்தது. அரிஸோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே உள்ள சுமார் 18 கிலோ மீட்டர் ஏற்றத்தை அளவுகோலாக வைத்துக் கொண்டார்கள். வண்டி பாரத்தை இழுத்துக் கொண்டு, குறைந்த பட்ச வேகம் குறையாமல் அந்த ஏற்றத்தை ஏறியாக வேண்டும். ஆனால் அந்தச் சோதனைக் கணக்கில் வண்டிக்குள் அமர்பவர்கள் இரண்டே பேர். ஆளுக்கு 68 கிலோ. குழந்தைகள் இல்லை, நாய் இல்லை, பெட்டி படுக்கை இல்லை. அப்படி எந்தக் குடும்பமாவது பிரயாணம் போவது உண்டா?

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் அதிகமாக ஏற்றினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பக்கம் ஏற்றினால் நுகத்தடி தூக்கிக் கொள்ளும். டிரெய்லர் விஷயமும் அதே மாதிரிதான். அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் வரை பிக்கப்பின் பின்பக்கத்தை அழுத்த வேண்டும். அதற்குக் குறைந்தால் டிரெய்லர் வேகத்தில் வாலாட்ட ஆரம்பித்து, இழுக்கும் வண்டியையே புரட்டி விடலாம். அழுத்தும் இந்த எடையைத் தாங்குவது எஞ்சின் அல்ல. ஸ்பிரிங் பட்டைகளும், அச்சும், டயர்களும்தான்.

எவ்வளவு தாங்கும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும். கதவுத் தூணில் ஒட்டிய சிறு சீட்டில், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று போட்டிருக்கும். 'அரை டன்' வகை வண்டி ஒன்றில் 680 கிலோ என்று இருப்பதாக வைத்துக் கொள்வோம். இதை மாத வருமானமாக எண்ணிக் கொண்டு செலவைப் பார்ப்போமா?

இரண்டு குதிரைக் கூண்டு 1,400 கிலோ. குதிரைகள் ஒவ்வொன்றும் 500 கிலோ. சேணம், வைக்கோல், தண்ணீர் 200 கிலோ. ஆக மொத்தம் 2,600. இதில் எட்டில் ஒரு பங்கு, 325 கிலோ, பிக்கப்பின் மேல் அழுத்துகிறது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் 250. இணைப்பு இரும்புகள் 45. நாயும் கருவிப் பெட்டியும் இதர சாமான்களும் 70. கூட்டினால் 690! விளம்பரக் கணக்கில் பாதிக்குச் சற்று மேலேதான் இழுக்கிறோம். அதற்குள் வருமானத்தில் 10 கிலோ துண்டு விழுந்து விட்டது.

நான்கு குதிரைகளும், தங்குவதற்கு ஓர் அறையும் உள்ள பெரிய டிரெய்லர் என்றால் மொத்தம் 6,300 கிலோ வரை போகக் கூடும். இதை 'வாத்துக் கழுத்து' போன்ற வளைவினால் பிக்கப்பின் தளத்தில், பின் அச்சுக்கு நேர் மேலே மாட்டுவார்கள். இதில் 15 முதல் 25 சதவிகிதம் வரை வண்டியின் மேல் இறங்கும். ஐந்தில் ஒரு பங்கு என்றாலே 1,260 கிலோ! இதற்குக் கனத்த ஸ்பிரிங்கும், பின்னால் நான்கு டயர்களும் கொண்ட 'ஒரு டன்' வகை வண்டிதான் ஏற்றது.

"வண்டி பின்னால் தாழ்ந்தால் காற்றுப் பை வைத்துத் தூக்கி விடலாமே" என்பார் கடைக்காரர். வைக்கலாம், வண்டி மட்டமாக நிற்கும், பார்வைக்கும் நன்றாக இருக்கும். ஆனால் அச்சும் பிரேக்கும் டயரும் பழையவைதானே? சீட்டில் உள்ள 680 கிலோ ஒரு கிலோ கூட ஏறாது. கிழிந்த புடவையை மடிப்பில் மறைத்துக் கட்டிய கதைதான்!

குதிரை மூட்டை போலக் கிடக்கும் சாமான் அல்ல. நின்றபடியே வரும், கால் மாற்றும், ஒருபக்கம் சாயும். இறக்கத்தில் சட்டென்று பிரேக் போட்டால் அந்த எடையும் சேர்ந்து முன்னால் உந்தும். வண்டி பின்னால் தாழ்ந்திருந்தால் முன் சக்கரங்களின் பிடிப்புக் குறைந்து, திருப்பினாலும் சொன்னபடி கேட்காது. முன்னால் குழந்தைகள், பின்னால் வாயில்லா ஜீவன்கள்.

ஆகவே டிரெய்லரின் எடையை முதலில் பாருங்கள். வண்டியைப் பிறகு தேர்ந்தெடுங்கள். இன்று ஒரு குதிரைதான் என்றாலும், டிரெய்லர் தாங்கக் கூடிய முழு எடையை வைத்தே கணக்குப் போடுவது நல்லது. வாங்கிய பிறகும் ஒருநாள் குதிரை, குடும்பம், சாமான் எல்லாவற்றோடும் நெடுஞ்சாலையில் லாரிகளை நிறுக்கும் எடை மேடைக்குப் போய், ஒவ்வொரு அச்சின் எடையையும் தனித்தனியே எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும். அதற்கு ஆகும் காசு சொற்பம். பிரயாணம் நிம்மதியாக இருக்கும்.