முதல் எண் முடிவான எண் அல்ல

2004 டிசம்பர் 26 காலை சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தது. பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதலில் சொன்ன அளவு 8.0, சற்று நேரத்தில் 8.5. பின்னாளைய ஆய்வில் 9.1. முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் ஆற்றலில் நாற்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். நாகப்பட்டினத்தில் இயற்பியல் நடத்துகிறேன். அன்றைய சுனாமி தாக்கிய அக்கரைப்பேட்டைப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் போடும்போது கை நடுங்கும்.

எண் இப்படி மாறியதற்குக் காரணம் இருக்கிறது. சுமார் 1,200 கிலோமீட்டருக்குப் பாறை கிழிந்து முடியவே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. ரிக்டர் 1935இல் வகுத்த முறை இவ்வளவு பெரிய அதிர்வில் திணறிவிடும். உடைந்த பரப்பு, நழுவிய தூரம், பாறையின் விறைப்பு மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது 1979இல் ஹாங்க்ஸும் கனமோரியும் தந்த அளவுகோல்தான். செய்தி அறைகள் ‘ரிக்டரை’ விட்டுவிட்டு, முதல் எண்ணுக்குப் பக்கத்திலேயே ‘இது இன்னும் கூடலாம்’ என்று கட்டாயம் போட வேண்டும்.