ரோபோவுக்கு மானியம், மனிதனுக்கு லெவியா?

 

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிங்கப்பூர் ஜாலான் புசாருக்குப் போய்ப் பாருங்கள். துவாஸ், ஜூரோங் பக்கத்து விடுதிகளிலிருந்து பஸ் ஏறி வந்த நம் பிள்ளைகள் இரும்புச் சாமான் கடைகளின் ஓரத்தில் நின்று ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில்தான் லெம்பு ரோடு. லெம்பு என்றால் மாடு. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் மாடுதான் பாரம் இழுத்தது. பிறகு மனிதன் இழுத்தான். இன்று அந்த மனிதனையும் அவிழ்த்துவிடும் காலம் வந்திருக்கிறது.

அங்கே புதுக்கோட்டைப் பக்கத்துத் தோழர் ஒருவரைச் சந்தித்தேன். ஏழு வருஷமாக ஒரு தொழிற்சாலையில் தள்ளுவண்டி தள்ளியவர். ஸ்டோரிலிருந்து சாமானை எடுத்து, யந்திரத்தண்டை சேர்க்கும் வேலை. சென்ற வருஷம் அங்கே ரோபோ வண்டிகள் வந்து இறங்கின. தள்ளுவண்டிக்காரர் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குச் சீட்டுக் கிழிந்தது. "எந்தத் தொழிற்சாலைன்னு எழுதிடாதீங்க அண்ணே, என் தம்பி இன்னும் அங்கதான் இருக்கான்" என்றார். எழுதவில்லை. ஆனால் விஷயத்தை எழுதாமல் இருக்க முடியுமா?

இந்த ரோபோ என்ன செய்கிறது? 1950களில் அமெரிக்காவில் வந்த முதல் ஆளில்லா வண்டி, போட்டு வைத்த கம்பி வழியைத்தான் தொடர்ந்து போகும். இன்றைய வண்டிக்குக் கம்பி தேவையில்லை. லேசர் கதிர் வீசி, கூடத்தின் படத்தைத் தன் நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆள் குறுக்கே வந்தால் நிற்கிறது. வழி அடைத்திருந்தால் வேறு வழி தேடுகிறது. சாமான் தட்டின் அடியில் புகுந்து, அப்படியே தூக்கிக்கொண்டு போகிறது. மின்சாரம் குறைந்தால் தானே போய் ஏற்றிக்கொள்கிறது. ஜூரோங்கில் ஹியூண்டாய் கம்பெனி 2023 நவம்பரில் திறந்த கார் தொழிற்சாலையில் உதிரிப் பாகங்களைக் கொண்டு சேர்க்கும் வேலையை இத்தகைய ரோபோக்களிடம் ஒப்படைத்தார்கள். 2022இல் திறப்பு விழா கண்ட துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநரில்லா வண்டிகள் கொள்கலன்களைச் சுமக்கின்றன.

இதைக் கண்டு நாம் கல்லெறிய வேண்டுமா? வேண்டாம். காண்டா கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தொங்கவிட்டு, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து தோள் காய்த்துப்போனவர்கள் நாம். பாரம் சுமப்பது பெருமை என்று நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. யந்திரம் சுமக்கட்டும். ஆனால் சுமை இறங்கிய தோளுக்குச் சோறு உண்டா? கேள்வி அதுதான்.

முதலாளிமார் சொல்லும் நியாயம் ஒன்று: "ஆள் கிடைக்கவில்லை, அதனால் ரோபோ." ஆள் ஏன் கிடைக்கவில்லை? சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் முதலாளி மாதாமாதம் லெவி கட்ட வேண்டும். மலேசியர் அல்லாதவராக இருந்தால் 5,000 வெள்ளி பிணையும் வைக்க வேண்டும். அதே முதலாளி சிறு, நடுத்தரக் கம்பெனிக்காரராக இருந்து யந்திர மயமாக்கத் திட்டம் கொடுத்தால், தகுதியான செலவில் பாதி வரை அரசாங்க மானியம் பெற வழியிருக்கிறது. மனிதனுக்கு லெவி, ரோபோவுக்கு மானியம்! தராசின் ஒரு தட்டில் கல்லைக் கட்டிவிட்டு, மறு தட்டு ஏன் மேலே போகிறது என்று கேட்பதா? வெளிநாட்டு ஆட்களை நம்பியிருப்பதைக் குறைப்பதே நோக்கம் என்று அரசாங்கம் சொல்கிறது. நோக்கம் இருக்கட்டும். அந்த நோக்கத்தின் விலையை எவன் கொடுக்கிறான்? ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வந்தவன் கொடுக்கிறான்!

இன்னொரு நியாயம்: "பழையவர்களுக்குப் புதிய வேலை கற்றுக்கொடுப்போம்." யாருக்கு? 25 வயது நிறைந்த சிங்கப்பூர்க் குடிமகனுக்குப் பயிற்சிக்கென்று அரசாங்கம் பணம் ஒதுக்குகிறது. 40 வயதானவருக்கு 2024இல் மேலும் 4,000 வெள்ளி ஒதுக்கியது. நல்ல காரியம், பாராட்டுவோம். ஆனால் வொர்க் பெர்மிட்காரனுக்கு அதில் ஒரு காசும் இல்லை. ஆட்குறைப்பு வந்தால் வருஷத்துக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது வழக்கம். வழக்கம்தான்; ஒப்பந்தத்தில் எழுதியிராவிட்டால் சட்டம் கட்டாயப்படுத்தாது. ஏழு வருஷம் தள்ளியவனுக்குக் கடைசியில் மிஞ்சுவது விமான டிக்கெட்.

வேலையில் நிலைத்தவனாவது சுகப்படுகிறானா? ரோபோ சாமானைக் கொண்டுவந்து அவன் முன்னே நிறுத்துகிறது. அவன் நடக்க வேண்டியதில்லை, நிற்க வேண்டும். எடு, வை, எடு, வை! அமெரிக்காவில் அமேசான் கிடங்குகளின் உள்கணக்குகளை 2020இல் ஒரு பத்திரிகை நிறுவனம் ஆராய்ந்தது. ரோபோ உள்ள கிடங்குகளில் கடுமையான காயங்கள் மற்ற கிடங்குகளைவிட அதிகம் என்று எழுதியது. கம்பெனி அதை மறுத்தது. ஆனால் கலிபோர்னியா மாநிலம் 2021இல் சட்டம் இயற்றியது: கிடங்குத் தொழிலாளிக்கு இவ்வளவு வேலை என்று கணக்கு வைத்தால் அதை எழுதிக் காட்ட வேண்டும், சாப்பாட்டு நேரத்தையும் கழிவறை நேரத்தையும் விழுங்கும் கணக்குக் கூடாது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

கிராணிமார்களே, நீங்கள் சிரிக்க வேண்டாம். எந்தச் சாமான், எத்தனை, எங்கே போயிற்று என்று அந்த வண்டியே கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடுகிறது. தள்ளுவண்டிக்குப் பின்னாலேயே ஸ்டோர் கிராணியின் பேரேடும் போகிறது!

"சிங்கப்பூர் சமாச்சாரம் தோட்டத்துக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். 1972இல் முதல் கொள்கலன் கப்பல் தஞ்சோங் பகார் வந்தபோது மூட்டை சுமந்தவர்களும் இப்படித்தான் வேடிக்கை பார்த்தார்கள். சீனாவின் ஹைனான் தீவில் பால் மரம் வெட்டும் யந்திரங்களைப் பரீட்சித்திருக்கிறார்கள். நாளை அது நம் நிரைக்கும் வரும். தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது நம் முன்னோர் அழுதுகொண்டு நிற்கவில்லை. 1960இல் கூட்டுறவுச் சங்கம் கண்டு, பணம் சேர்த்துத் தோட்டமே வாங்கினார்கள். வருமுன் கூடியவன் பிழைத்தான்.

ஆகவே நாம் கேட்பது இவை. ரோபோ வருமுன் தொழிற்சங்கத்துடன் பேச வேண்டும். மானியம் வாங்கும் முதலாளி, வேலை இழப்பவனுக்கு வருஷக் கணக்கில் பணம் கொடுக்கச் சட்டத்தால் கட்டுப்பட வேண்டும். வண்டி தள்ளியவனுக்கே ரோபோவைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கற்றுத்தர வேண்டும். பாஸ்போர்ட்டின் நிறம் பார்க்கக் கூடாது. வேலையின் வேகத்தை யந்திரம் அல்ல, ஒப்பந்தம் நிர்ணயிக்க வேண்டும்.

ரோபோ சந்தா கட்டாது; சங்கத்தில் சேராது. நாம் சேரலாம். சேர்ந்து நின்றால் யந்திரம் நமக்கு வேலையாள். பிரிந்து நின்றால் அதுவே நமக்குக் கங்காணி!