அரிசி மூட்டை கொடுக்கும்போது போன் வேண்டாம்

தீபாவளிக்கு வழக்கம்போல அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுக்கப் போறோம். வாங்குறவங்க முகத்தைப் படம் எடுத்துப் போட வேண்டாம்னு தொண்டர்கள் நாங்க சொல்றோம். "படம் இல்லாட்டி நன்கொடை கொடுத்தவங்க நம்புவாங்களா?"ன்னு சிலர் கேட்டீங்க. நியாயமான கேள்விதான்.

1936-இல் அமெரிக்காவில், நிப்போமோ என்ற ஊரில் பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் ஒரு படம் எடுத்தாங்க. (நம்ம சுங்கை பட்டாணிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை!) கன்னத்தில் கை வைத்த ஒரு தாய், மடியில் கைக்குழந்தை, தோளில் முகம் மறைத்த இரண்டு பிள்ளைகள். அரசாங்க வேலையாகப் போன டோரதியா லாங்கே எடுத்தது. பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு உணவு போய்ச் சேர்ந்தது, நல்லதுதான். ஆனால் அதற்குள் அந்த அம்மா பிள்ளைகளோடு வேறு ஊர் போயிட்டாங்க. எடுத்தவர் பெயரைக்கூடக் கேட்கலை. உலகமே பார்த்த முகம், புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று 1978-இல்தான் வெளியே தெரிஞ்சது. அந்தப் படத்தால் ஒரு காசு வரலை, எடுக்காமலே இருந்திருக்கலாம்னு அவங்க சொன்னாங்க. பிள்ளைகளுக்கும் அது வெட்கமா இருந்திருக்கு.

நம்ம வரிசையில் நிற்கிற பாட்டிகள் யாரு? இருட்டோடு பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, காண்டா வாளியில் பால் தூக்கினவங்க. தோட்டம் கைமாறி லயம் இடிஞ்சபிறகு பீடோங், கூலிம் தாமான்களில் மகன் வீட்டில் ஒரு மூலை. நம்ம தோட்டக் கோயில்கள் அவங்க சம்பளத்தில் பிடிச்ச வெள்ளியில் எழும்பினது. அவங்களை அரிசிப் பையோடு நிறுத்தி, இந்தப் பக்கம் தலைவர், அந்தப் பக்கம் பிரமுகர்! பேரன் அதைக் கூட்டாளி போனில் பார்க்கிறான். போன வருஷம் இரண்டு பேர் பொருள் வாங்க வரவே இல்லை. காரணம் படம்தான்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தான் தெரிஞ்சது.

கணக்கு வேணுமா? கடை ரசீது, அடுக்கி வைத்த மூட்டைகளின் படம், எத்தனை குடும்பம் என்ற எண்ணிக்கை, மூன்றையும் கோயில் பலகையில் ஒட்டுறோம். அப்பவும் சந்தேகம்னா கூட வந்து மூட்டை தூக்குங்க, ஆள் பத்தலை.

படமே கூடாதுன்னு சொல்லலை. பாட்டி சம்மதிச்சா, வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு, அவங்களுக்குப் பிடிச்ச சேலையில் எடுப்போம். கீழே பெயர், வேலை செய்த தோட்டம், எத்தனை வருஷம் பால் வெட்டினாங்க, எல்லாம் போடுவோம். ஒரு பிரதி சட்டம் போட்டு அவங்க வீட்டுக்கு.

மூட்டை கட்டுவது சனிக்கிழமை மாலை 5 மணிக்கு. கத்தரிக்கோல் கொண்டு வாங்க.